மாவும் பச்சைதான்

"முட்டையே போடல மாமா, அப்பிடியே சாப்புடலாம்" என்று கிண்ணத்தை நீட்டினாள் அக்காவின் மகள். பட்டர், சிவப்புச் சீனி, வெனிலா, சொக்லேட் துண்டுகள், கோதுமை மா. பிஸ்கட்டுக்குக் குழைக்கிற மாவைச் சுடாமலே கரண்டியால் அள்ளித் தின்பதற்குக் குக்கி டோ என்று பெயர். கட்டுகஸ்தோட்டையில் அன்று பின்னேரம் நல்ல மழை. குசினி மேசையில் மா டின் திறந்தபடி இருந்தது.

கரண்டியை வாங்கி, வாய்க்குக் கொண்டுபோகாமல் கீழே வைத்தேன். பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. முட்டையைப் பற்றி அவள் படித்து வைத்திருந்தது சரிதான். மாவைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

முட்டைக்குக் கெட்ட பெயர் வந்தது 1980களில். சல்மொனெல்லா என்டரிடிடிஸ் என்ற பக்டீரியா கோழியின் சூலகத்திலேயே குடியிருந்து, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடும் என்பது அப்போது தெரியவந்தது. ஓட்டை எத்தனை தடவை கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது. பச்சை முட்டை கலந்ததை உண்ணாதே என்பது அதன் பிறகு பல நாடுகளில் பாடமாயிற்று. மாவின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெள்ளையாக, உலர்ந்து, வாசமின்றி டின்னுக்குள் கிடக்கும் பொருளை யார் சந்தேகிப்பார்கள்?

2009இல் ஐக்கிய அமெரிக்காவின் 30 மாநிலங்களில் 77 பேர் ஈ.கோலை ஓ157 என்ற கிருமியால் நோயுற்றார்கள். 35 பேரை வைத்தியசாலையில் சேர்க்க வேண்டியிருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 வயதுக்குக் குறைந்தவர்கள். நெஸ்லே நிறுவனம் பொதிசெய்து விற்ற குக்கி மாவைச் சுடாமல் தின்றதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. ஆனால் மாவில் சேர்ந்த எந்தப் பொருள் குற்றவாளி? முட்டை முன்னரே சூடுகாட்டப்பட்டது. மற்றப் பொருள்களும் தயாரிப்பின்போது ஏதோ ஒரு வகையில் நெருப்பைக் கண்டவை. காணாதது கோதுமை மா மட்டும். சந்தேகம் அதன் மேல் விழுந்தாலும் அது கையும் களவுமாகப் பிடிபடவில்லை. அடுத்த ஜனவரியிலேயே அந்த நிறுவனம் சூடுகாட்டிய மாவுக்கு மாறிக்கொண்டது.

பிடிபட்டது 2016இல். ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் கன்சாஸ் நகர ஆலையில் அரைத்த மாவினால் 24 மாநிலங்களில் 63 பேர் நோயுற்றார்கள். நோயாளி ஒருவரின் வீட்டில் மிஞ்சியிருந்த மாப் பையிலேயே நோயாளிகளைத் தாக்கிய ஈ.கோலை வகை இருந்தது. அந்த விசாரணையில் எனக்கு மறக்காத ஒரு விபரம் உண்டு. நோயுற்றவர்களில் சில பிள்ளைகளின் கதை அது. உணவகத்தில் விளையாடக் கொடுத்த பச்சை மா உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். நம் மலையகத்தில் ரொட்டி தட்டாத வீடு ஏது? அழுகிற பிள்ளையின் கையில் ஓர் உருண்டை மாவைக் கிள்ளிக் கொடுக்காத அம்மாவும் இல்லை. நானே அப்படி உருட்டி வளர்ந்தவன்.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. வேறு நாட்டு வயலிலிருந்து கப்பலேறித் திருகோணமலை ஆலைக்கு வருகிறது. அந்த வயலில் கதிரின் மேல் பறவை எச்சமிடும். மாடும் மானும் நடக்கும். ஆலையில் தானியத்தைத் துப்புரவாக்கி, அரைத்து, சலிப்பார்கள், வேகவைப்பதில்லை. பாண், பனிஸ், ரொட்டி என்று எதுவானாலும் எங்கோ ஓரிடத்தில் அடுப்பைக் காணும் என்ற நம்பிக்கையில்தான் மா விற்பனைக்கு வருகிறது. அரிசியும் பருப்பும் பச்சை என்று நமக்குத் தெரிகிறது. தூளாகிவிட்டதாலோ என்னவோ, மாவும் பச்சைதான் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

மாவில் ஈரம் சுமார் 14 வீதம். இந்த வறட்சியில் கிருமி பெருகாது. அதே சமயம் சாவதும் இல்லை. மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். பாலும் பட்டரும் சேர்ந்ததும் விழிக்கும். ஓ157 வகையில் நோய் வருவதற்கு நூறுக்கும் குறைந்த உயிரணுக்களே போதும். பெரியவர்களுக்கு வயிற்றோடு போய்விடக்கூடியது, சிறுபிள்ளைகளில் சிலருக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

சரி, மாவை ஒரு தட்டில் கொட்டி அவனில் வைத்து எடுத்தால் தீர்ந்தது அல்லவா? செய்முறை வீடியோக்களில் பாதி இதைத்தான் சொல்கின்றன. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பாலைப் பாச்சரைஸ் செய்ய 72 பாகை செல்சியஸில் 15 விநாடி போதும். அதே சல்மொனெல்லா உலர்ந்த மாவுக்குள் இருந்தால், 80 பாகையிலும் பத்தில் ஒன்பது பங்கு சாகப் பல நிமிடங்கள் ஆகும். மிஞ்சிய ஒரு பங்கில் பத்தில் ஒன்பது சாக, திரும்பவும் அத்தனை நிமிடங்கள். வறட்சி அதற்குக் கவசம் போட்டுவிடுகிறது. பன்பாய் பின்னுகிறவர்களிடம் கேளுங்கள். காய்ந்த பன் மடங்காது. நனைத்தால்தான் கை சொன்னபடி வளையும். கிருமியின் புரதங்களும் அப்படித்தான். ஈரமிருந்தால் சூடுபட்டதும் குலைந்து உருமாறும். உலர்ந்திருந்தால் விறைத்துப்போய் அப்படியே நிற்கும். குலைந்தால்தான் கிருமி சாகும்.

போதாததற்கு மா வெப்பத்தை எளிதில் கடத்தாது. தட்டின் ஓரம் சிவந்து கருகும்போது நடுக்குவியல் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மைக்ரோவேவ் இன்னும் மோசம். ஓரிடம் கொதிக்கும், பக்கத்து இடம் குளிர்ந்து கிடக்கும். வீட்டில் மாவைச் சூடாக்கிவிட்டுப் பச்சையாகத் தின்ன வேண்டாம் என்றுதான் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. தொழிற்சாலையில் சூடுகாட்டும்போது எந்த வெப்பத்தில், எத்தனை ஈரத்தில், எவ்வளவு நேரம் என்று அளந்து, சோதித்து நிரூபிக்கிறார்கள். நம் அடுப்புக்கு அப்படியொரு சான்றிதழ் கிடையாது.

ஆனால் நம் குசினிக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. கோதுமை மாவில் இடியப்பமோ புட்டோ செய்கிற இலங்கை வீடுகளில் மாவை முதலில் அவிப்பார்கள். அமெரிக்கன் மா என்று முந்தைய தலைமுறை சொல்லும் அந்த வெள்ளை மாவைச் சுத்தமான துணியில் தளர்வாக முடிந்து, ஆவிச் சட்டியில் வைப்பார்கள். எங்கள் வீட்டில் இது அம்மாவின் வேலை. முடிச்சை அவிழ்த்தால் மா கல்லுப் போல இறுகியிருக்கும். மேல்தோல் ஈரமாய்ப் பசைபோல் துணியில் ஒட்டும். சூடு ஆறும் முன்பே உலக்கை நுனியாலோ கரண்டிக் காம்பாலோ உடைத்து, அரித்தெடுக்க வேண்டும். ஆறவிட்டால் கட்டி உடையாது, அரிதட்டுத்தான் கிழியும். அரித்த மா இளம் மஞ்சளோடி, விரலுக்கிடையில் மணல் போல உதிரும்.

அம்மா இதைக் கிருமிக்குப் பயந்து செய்யவில்லை. பச்சைக் கோதுமை மாவில் தண்ணீர் பட்டால் குளூட்டன் என்ற புரதம் இழை இழையாகப் பின்னி றப்பர் போல இழுபடும். ரொட்டிக்கு அது வேண்டும். இடியப்ப உரலில் பிழிய வந்தால் அதுவே பகை. ஆவியில் வெந்த குளூட்டன் பிறகு பின்னுவதில்லை. மாவின் மாப்பொருள் மட்டும் ஏன் கஞ்சியாகவில்லை? அது பொங்கிக் குழைய நிறையத் தண்ணீர் வேண்டும். துணிமுடிச்சுக்குள் அவ்வளவு தண்ணீர் இல்லை. புரதம் வெந்து, மாப்பொருள் வேகாமல் நிற்பதால்தான் அவித்த மா இன்னும் மாவாகவே இருக்கிறது. எனக்கு இது சின்ன அதிசயமாகவே படுகிறது.

ஆவி இன்னொரு காரியமும் செய்கிறது. சூடான அவனுக்குள் கையை ஒரு கணம் நீட்டி எடுக்கலாம். புட்டுக் குழலின் மூடியைத் திறக்கும்போது பாயும் ஆவியில் நீட்ட முடியாது. ஆவி குளிர்ந்த பொருளில் பட்டு நீராகும்போது தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை முழுக்க அங்கேயே கொட்டிவிடுகிறது. ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்கத் தேவையான வெப்பத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம் அது. கொட்டுகிற இடத்தை ஈரமாக்கியும் விடுகிறது. ஆக, வறட்சி போட்ட கவசம் கழன்று விழும் இடத்திலேயே சூடும் வந்து இறங்குகிறது.

ஒரு மலைநாட்டுக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம். இங்கே தண்ணீர் 98 பாகையளவில் கொதிக்கிறது. நுவரெலியாவில் சுமார் 94 பாகை. கொழும்பு உறவினர் சொன்ன நேரத்தை மேலே இருப்பவர்கள் அப்படியே பின்பற்றக் கூடாது.

அரிசி மாவிலும் இதே சங்கதிதான். அரிசியை ஊறவைத்து, வடித்து, ஈரத்தோடு இடித்து, அந்த ஈரமாவைத்தான் தாச்சியில் கொட்டி வறுக்கிறோம். முதல் சில நிமிடங்கள் தாச்சியிலிருந்து புகை போல எழுவது ஆவி. ஈரம் இருக்கும்போதே சூடு உள்ளே போய்விடுகிறது. நல்ல வாசம் வருவது அதற்குப் பிறகு. அந்த வறுத்த மாவில் கித்துள் பாணி ஊற்றி, கொஞ்சம் மிளகுத்தூள் தூவி உருட்டினால், கண்டிச் சிங்களவர் வீடுகளில் தரும் அக்கலா தயார். சுடாமல், பொரிக்காமல் தின்கிற முட்டையில்லா மா உருண்டை. நியூயோர்க்கில் குக்கி டோவுக்கென்றே கடை திறந்து மக்கள் வரிசையில் நின்றது 2017இல்தான்.

எல்லாப் பழக்கமும் இப்படி என்று பெருமைப்பட்டுக்கொள்ளவும் வேண்டாம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஏற்றும் மாவிளக்கு ஊறவைத்து இடித்த பச்சை அரிசி மாதான். சர்க்கரை சேர்த்துப் பிசைந்ததோடு சரி. அதற்கு நெருப்பு என்றால் நடுவில் எரியும் திரி மட்டும்.

வீட்டில் சுடாமலே தின்னலாம் என்று அரசாங்கமே விநியோகிக்கும் மாவும் இங்கே உண்டு. 1973இல் தொடங்கிய திரிபோஷா திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கிறார்களே, அந்த மா. ஜா-எலவில் உள்ள தொழிற்சாலையில் சோளத்தையும் சோயாவையும் திருகாணி போன்ற இயந்திரத்துக்குள் அழுத்தித் தள்ளுகிறார்கள். உராய்விலேயே வெப்பம் 100 பாகையைத் தாண்ட, தானியம் வெந்து பொரிந்து வெளியே வரும். பிறகுதான் மாவாக அரைப்பார்கள். வீட்டில் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால் போதும். கிளினிக்கால் வந்த அன்று அக்கா தனக்கென்று வாங்கியதில் பாதியை நான் உருட்டித் தின்றிருக்கிறேன். அக்காவின் மகள் கிண்ணத்தில் தேடியது இதன் தூரத்து உறவுதான்.

இனிச் செய்முறை. சுடாத மாவில் முட்டைக்கு வேலையே இல்லை. முட்டை இறுகிப் பிடிப்பது சூட்டில். இங்கே சூடு கிடையாது. அது தரும் ஈரத்தை இரண்டு மூன்று மேசைக்கரண்டி காய்ச்சி ஆறிய பால் தந்துவிடும். சோடாவும் வேண்டாம்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, கர்ப்பிணி, முதியவர், நோயாளி யாராவது வீட்டில் இருந்தால் மா டின்னைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. 200 கிராம் மாரி பிஸ்கட்டை நைசாகத் தூளாக்குங்கள். பிஸ்கட் ஆலையிலேயே சுடப்பட்டுவிட்ட மா. 75 கிராம் பட்டரை இரண்டு மேசைக்கரண்டி சிவப்புச் சீனியோடு நன்றாக அடித்து, ஒரு சிட்டிகை உப்பு, வெனிலா, தூள், பால் என்று சேர்த்துப் பிசைந்து, கடைசியில் சொக்லேட்டும் வறுத்த கஜுவும் போடுங்கள். பிஸ்கட் புடிங் அடுக்கிப் பழகிய கைக்கு இது ஐந்து நிமிட வேலை.

திடகாத்திரமான பெரியவர்கள் அசல் மாவின் ருசிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அவனை விட்டுவிட்டு ஆவிக்கு வாருங்கள். முடிச்சு உருண்டையாக வேண்டாம்; இரண்டு விரல் தடிப்புக்கு மேல் போகாமல் தட்டையாகப் பரப்புங்கள். ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகு 40 நிமிடம். பத்து நிமிடத்தில் எடுத்துப் பிளந்து பார்த்திருக்கிறேன். வெளியே பசை, நடுவில் பச்சை மா அப்படியே. சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 90 பாகையைத் தாண்டிச் சில நிமிடம் நிற்க வேண்டும். பச்சை மா பட்ட அரிதட்டையும் கிண்ணத்தையும் கழுவித் துடைத்துக் காயவைத்த பிறகே அவித்த மாவை அதில் போடுங்கள். குளூட்டன் செத்த மா என்பதால் எவ்வளவு பிசைந்தாலும் சவ்வாகாது, வாயில் கரையும். இப்படிச் செய்தாலும் ஆலையில் சோதித்த மாவுக்கு இது ஈடாகாது. அபாயம் குறையும், பூச்சியமாகாது.

இரண்டு முறையிலும் மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள். பசிலஸ் சீரியஸ் என்றொரு கிருமியின் வித்துகள் ஆவிக்கும் அசையாதவை. ஈரமான மாவை மேசையில் விட்டால் முளைத்துக்கொள்ளும்.

அன்று கிண்ணத்தில் இருந்ததைக் கொட்டவில்லை. சின்னச் சின்ன உருண்டையாகத் தட்டி 180 பாகை அவனில் 12 நிமிடம் சுட்டோம். முட்டையும் சோடாவும் இல்லாததால் பரவவில்லை, பொங்கவில்லை, கடித்தால் நொறுங்கிற்று. 23 பிஸ்கட். மழை விடுவதற்குள் தேத்தண்ணியோடு தீர்ந்துபோனது.