கால் ஊனமுற்ற வாத்துக் குஞ்சைப் பேணும் முறை

காவிரிப் பாசனப் பகுதியில் அறுவடை முடிந்து, கட்டுகள் களம் சேர்ந்தபின், தாள் மட்டும் எஞ்சிய வயல்களில் வாத்துக் கூட்டங்கள் இறங்குவதை நிலச் சொந்தக்காரர் யாவரும் அறிவர். சிந்திய மணி, நத்தை, நண்டுக் குஞ்சு, புழு, பூச்சி ஆகியவற்றைத் தின்று வயலுக்கு எருவும் விட்டுச் செல்வதால், அவற்றின் வரவு இருசாராருக்கும் அனுகூலமானதே. வாத்துக்காரர் ஓரிரு வாரம் பட்டி அடைத்திருந்து, மேய்ச்சல் தீர்ந்ததும் அடுத்த ஊருக்கு ஓட்டிச் செல்வார். மறுநாட் காலையில் வரப்போரம் ஒற்றைக் குஞ்சு ஒன்று காலை இழுத்துக்கொண்டு கத்திக் கிடப்பது அபூர்வமன்று. வரப்பு வெடிப்பிலோ நண்டு வளையிலோ கால் சிக்கியிருக்கலாம். மாட்டின் குளம்பு பட்டிருக்கலாம். நாய் கவ்வி விட்டிருக்கலாம். நூற்றுக்கணக்கான வாத்துக்களுடன் நடப்பவருக்கு அதனைத் தேடித் திரும்பி வர அவகாசமில்லை. காக்கைக்கும் கீரிக்கும் இரையாவதற்கு முன் யாரேனும் எடுத்துப் பேணினால், அதன் பிழைப்புப் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களில் செய்யும் காரியத்தைப் பொறுத்தது.

எடுப்பதற்கு முன் ஒன்றை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். குஞ்சு நடக்கமாட்டாமல் இருப்பது அடிபட்டதாலா, நோயாலா? ஒன்று மட்டும் நொண்டி, கண் தெளிந்து, கழுத்து நிமிர்ந்து, தீனியை நாடினால் பெரும்பாலும் அது காயமே. ஒரே இடத்தில் பல வாத்துக்கள் கால் ஓய்ந்து கிடந்தாலும், கண்ணில் நீர் வடிந்தாலும், வெளிச்சத்தைக் கண்டு கூசினாலும், கழிச்சல் கண்டாலும் வாத்துப் பிளேக் நோய் என ஐயுற வேண்டும். முதலிற் கால்களும் பின்னர்ச் சிறகும் கழுத்தும் துவண்டு, தலையைத் தரையில் நீட்டிவிடுமாயின், அழுகிய பிணத்தையும் அதிலுள்ள புழுவையும் தின்றதால் வரும் நஞ்சு அது. பறவைக் காய்ச்சலோ மனிதரையும் பற்றக்கூடியது. 2014-ஆம் ஆண்டு கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியில் அந்நோய் புகுந்தபோது வாத்து வளர்ப்போர் அடைந்த நஷ்டம் பலருக்கும் நினைவிருக்கும். இத்தகைய குறி தென்பட்டால் குஞ்சை வீட்டிற்குக் கொண்டுவருதலும், வெறுங்கையால் தொடுதலும் தவறு.

கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கால்நடைத் தொற்றுநோய்கள் தடுப்பு பற்றிய 2009-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, அட்டவணையிற் கண்ட நோய் இருப்பதாக ஐயுறும் உரிமையாளரோ வேறெவரோ கிராம அலுவலருக்கேனும் ஊராட்சிக்கேனும் அறிவிக்கக் கடமைப்பட்டவர். அச்செய்தியை அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதற்கு அச்சட்டத்தில் இடமுண்டு. வாய்மொழியாய்ச் சொல்லி விட்டுவிடாமல் ஒரு துண்டுக் காகிதத்திலேனும் எழுதி அனுப்புவதே முறை.

காயம்தான் என்று துணிந்த பின் குஞ்சை எடுக்கும் விதம் முக்கியமானது. காலைப் பிடித்துத் தூக்குவது நம்மவரிடம் வேரூன்றிய வழக்கம். வாத்தின் கால் எலும்பு கோழியினதைக் காட்டிலும் குட்டையாயினும் எளிதில் முறியும். தொடைப் பூட்டு விலகுவதும் அவ்வழக்கத்தாலேயே. இரு கைகளையும் ஏந்தி, அடிவயிற்றைத் தாங்கி, சிறகுகளை உடலோடணைத்து எடுக்க வேண்டும். மார்பை இறுக்கிப் பிடித்தலாகாது. மனிதருக்கு உள்ளதைப் போல மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் பறவைகளுக்கு இல்லை. மார்பெலும்பு முன்பின் அசைவதாலேயே அவை மூச்சு விடுகின்றன. அவ்வசைவை விரலால் தடுத்தால், காலுக்கு வைத்தியம் செய்யப் புகுந்தவர் கையிலேயே குஞ்சு மூச்சு முட்டி மாளும்.

கொண்டுவந்தவுடன் காலைப் புரட்டிப் பார்க்க எவரும் ஆசைப்படுவர். அது வேண்டாம். அஞ்சி நடுங்கும் குஞ்சுக்கு முதல் மருந்து வெம்மையும் இருளும் அமைதியுமே. கூடை ஒன்றில் உமியைப் பரப்பி மேலே பழஞ் சாக்கை விரித்து, குஞ்சை வைத்துப் பாதி மூடி, ஒரு மணி நேரம் விட்டுவிடுக. வழவழப்பான தரையும் செய்தித்தாளும் ஆகா. நல்ல காலும் வழுக்கி அகன்றுவிடும். ஒரு வாரத்திற்குட்பட்ட குஞ்சாயின் கூடையின் ஒரு புறம் சுமார் 90 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் இருக்குமாறு மின்விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டு, வாரத்திற்கு 5 டிகிரி வீதம் குறைத்து வரலாம். மறுபுறம் குளிர்ச்சியாய் இருத்தல் அவசியம். வெம்மை மிகுந்தால் நகர்ந்து செல்ல இடம் வேண்டுமல்லவா?

பின்னர் ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றொருவர் சோதிக்கலாம். முதலில் நல்ல காலைத் தடவிப் பார்த்து, அதன்பின் ஊனமுற்ற காலை அதனோடு ஒப்பிடுவதே பிழையற்ற வழி. வீக்கமும் சூடும் மட்டும் இருந்து எலும்பு ஒழுங்காய் இருப்பின் அது சுளுக்கு. நான்கைந்து நாள் கூடையிற் கிடந்தாலே பெரும்பாலும் ஆறும். எலும்பு இருக்கக்கூடாத இடத்தில் மடிந்தாலும், தொடும்போது நறநறவென உரசினாலும் அது முறிவு. பின்னோக்கி மடியும் கணுமூட்டில் வீக்கம் கண்டு, பின்புறத்து நரம்பு பக்கவாட்டில் நழுவி, கால் வெளிப்புறம் திருகி நிற்குமாயின் அடிபட்டதென்று கொள்ளாமல் தீனிக் குறையையும் ஆராய வேண்டும். அதுபற்றிக் கீழே காண்க.

கணுமூட்டிற்கும் பாதத்திற்கும் இடையிலுள்ள முறிவே வீட்டிற் கட்டத்தக்கது. தொடையிலோ கணுமூட்டிற்கு மேலோ முறிந்திருந்தால் சதையின் நடுவே பத்தை நில்லாது. குஞ்சு திரும்ப முடியாத அளவு சிறிய கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுபோவதே தக்கது. எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்து கறுத்திருந்தால் பிழைப்பது அரிது. அதனை வலியில் நீட்டிப்பதா, முடித்துவிடுவதா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். இரக்கம் என்ற பெயரால் பத்து நாள் துடிக்கவிடுதல் இரக்கமாகாது.

கட்டும் முறை யாதெனின், சிறு குஞ்சுக்குத் தென்னை ஈர்க்கு இரண்டும், ஒரு மாதக் குஞ்சுக்கு இழைத்து மழுக்கிய மெல்லிய மூங்கிற் பத்தை இரண்டும் போதும். முறிந்த இடத்தை மெல்ல நீவி நேராக்கி, பஞ்சை ஒரே சீராய்ச் சுற்றி, இருபுறமும் பத்தை வைத்து, மெல்லிய துணி நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றிப் பிளாஸ்திரியால் ஒட்ட வேண்டும். பத்தையின் முனை சவ்விலோ மூட்டிலோ குத்தலாகாது. விரல்கள் வெளியே தெரிய வேண்டும். கட்டி அரைமணி கழித்து விரல்களைத் தொட்டுப் பார்க்கவும். அவை சில்லிட்டோ, வீங்கியோ, நிறம் மாறியோ இருந்தால் கட்டு இறுகியது என்று அறிந்து உடனே அவிழ்க்க வேண்டும். பலர் தவறுவது இதற்குப் பிறகே. வாத்துக் குஞ்சு நாளுக்கு நாள் பருப்பது; திங்கட்கிழமை சரியாயிருந்த கட்டு வியாழனன்று காலை நெரிக்கும். ஆதலால் இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை அவிழ்த்துக் கட்டுவது கட்டாயம். இளங்குஞ்சின் எலும்பு இரண்டு வாரத்திலேயே கூடத் தொடங்கும்; மூன்று வாரத்தில் பெரும்பாலும் உறுதிப்படும்.

கிழிந்த காயத்தைக் காய்ச்சி ஆற்றிய உப்பு நீரால் கழுவி, அயோடின் மருந்தை நீரிற் கலந்து பூசி, ஈ மொய்க்காமல் காக்க வேண்டும். வெயிற் காலத்தில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மனிதர் உட்கொள்ளும் வலி மாத்திரையை நசுக்கி ஊட்டுவது எக்காரணத்தாலும் கூடாது. டைக்ளோபினாக் செலுத்தப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற கழுகினங்கள் சிறுநீரகம் கெட்டு மாண்டதும், அதனால் 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து விலக்கப்பட்டதும் பறவைகளின் உடல் எவ்வளவு வேறானது என்பதற்குச் சான்று.

இனித் தீனி. வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்னும் ஜீவசத்து கோழிக் குஞ்சைவிட மிகுதியாய் வேண்டும்; கிலோ தீனிக்கு 55 மில்லிகிராம் அளவு. நொய்யும் தவிடுமாகவே வளரும் குஞ்சின் கணுமூட்டுகள் வீங்கிக் கால் வளைவது இக்குறையாலேயே. தவிட்டில் அச்சத்து உண்டெனினும் பெரும்பகுதி செரியாத வகையிற் கட்டுண்டு கிடக்கிறது. மாங்கனீசுக் குறையும் நரம்பு நழுவுதலுக்குக் காரணம். ஆகவே நொய்யுடன் நசுக்கிய நத்தை, சிறு மீன், ஈஸ்ட் பொடி இவற்றைச் சேர்க்கலாம். கருவாடாயின் உப்புப் போக ஊறவைத்தே தர வேண்டும். கடலைப் பிண்ணாக்கு சத்துள்ளதே. பூசணம் பிடித்ததாயின் வாத்துக் குஞ்சுக்கு அதைவிடக் கொடிய நஞ்சில்லை. 1960-இல் இங்கிலாந்தில் கெட்ட கடலைப் பிண்ணாக்கால் ஆயிரக்கணக்கான வான்கோழிகளும் வாத்துக் குஞ்சுகளும் மடிந்த பின்னரே அந்நஞ்சு இன்னதென்று தெரியவந்தது. மட்கின நாற்றம் வீசும் பிண்ணாக்கை மாட்டிற்கும் இடாதிருப்பதே நன்று.

நொண்டிக் குஞ்சு நீருக்கு நடக்காது; நீரே அதனிடம் வர வேண்டும். அலகும் மூக்குத் துளையும் முழுகும் ஆழமும், உடல் இறங்க முடியாத வாயும் உள்ள கலயத்தைத் தீனிக்கு அருகிலேயே புதைத்து வைக்கவும். நீரின்றி உலர்ந்த தீனி தின்றால் தொண்டை அடைக்கும். மூக்கையும் கண்ணையும் கழுவாவிடில் சளியும் கண் நோயும் காணும். கட்டு உள்ளவரை நீந்த விடலாகாது. கட்டை நீக்கிய பின், கால் தரை தட்டாத ஆழத்தில் இளவெந்நீர் நிரப்பிய தொட்டியில் இரண்டு மூன்று நிமிஷம் மிதக்கவிட்டு, நாளடைவில் நேரத்தைக் கூட்டினால், உடற்பாரம் தாங்காமலே கால் வலுப்பெறும். தாயின்றி வளரும் குஞ்சின் தூவி எளிதில் நனையுமாதலால் உடனே துவட்டி வெம்மையில் வைக்கவும்.

தனித்த குஞ்சு கத்திக் கத்தியே இளைக்கும். அதே பருவமுள்ள குஞ்சொன்று கிடைத்தால் இடையே கம்பி வலை மறைப்பிட்டு அருகே வைக்கலாம். பஞ்சாரத்துக் கோழிக் குஞ்சுகளோடு ஒன்றாய் விடுதல் ஆகாது. அவை காயத்தைக் கொத்தும்.

மஞ்சளும் பழுப்பும் கலந்த பண்ணைக் குஞ்சன்றி, ஏரிக் கரையில் அகப்பட்ட சீழ்க்கைச் சிறகி, புள்ளி மூக்கு வாத்து முதலிய காட்டினத்தின் குஞ்சாயின் வளர்த்துக்கொள்ள உரிமையில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குட்பட்ட அவற்றை வனத்துறையினரிடம் ஒப்புவிக்க வேண்டும். பண்ணைக் குஞ்சாயின் வாத்துக்காரர் பட்டி அடைத்துள்ள ஊரைக் கிராம அலுவலர் மூலம் விசாரித்துச் செய்தி அனுப்புவது முறை. கால் தேறிய பெட்டை சற்று நொண்டினாலும் முட்டையிடும். தாங்கி நடக்கும் கால் உள்ள ஆண் இணைசேர உதவாது. குஞ்சு கூட்டத்துக்குத் திரும்பும் நாளில், பிளேக் தடுப்பு ஊசி போடும் பருவமாகிய இரண்டு மாதத்தை எட்டியிருந்தால், ஊசி போட்டே அனுப்புமாறு மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.