கருவிக்கு ஒரு குறிப்பு

பதுளை மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளைக்கு எவரும் ஒவ்வொன்றையும் விளக்குவதில்லை. கூடைக்கு எவ்வளவு கழிப்பது, மழை ஈரத்துக்கு எவ்வளவு குறைப்பது என்பவற்றை அவர் பழக்கத்தால் அறிவார்; ஐயம் எழுந்தால் கேட்டுக்கொள்வார்.

மனிதரின் ஏவலை ஏற்றுக் கணினிக் கருவிகளைத் தாமே இயக்கும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் இன்று வந்துள்ளன. அத்தகைய ஒன்றிடம் இந்தக் கணக்கை ஒப்படைப்பதாகக் கொள்வோம். அதற்குத் தோட்டப் பழக்கம் கிடையாது. எழுதிவைத்த குறிப்பே வழிகாட்டி. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொது நியமத்தில், கருவியின் பெயர், விளக்கம், அது ஏற்கும் தரவின் அமைப்பு ஆகியவை தரப்படுகின்றன. இவற்றைப் படித்தே எந்தக் கருவியை எப்போது எடுப்பது என முகவர் தெரிந்துகொள்கிறது.

'எடையைப் பதியும் கருவி' என்று மட்டும் எழுதினால் போதுமா? எடை கிலோகிராமிலா, இறாத்தலிலா? கூடை கழித்ததா, கழிக்காததா? ஒரே பதிவு இருமுறை வந்தால் கூட்டுவதா, தள்ளுவதா? பெயர் பொருந்தாவிடில் ஊகிப்பதா, நிறுத்திக் கேட்பதா? 1999 இல் செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று, ஒரு மென்பொருள் இறாத்தல் விசை அலகில் தந்த கணக்கை மற்றொன்று மெட்ரிக் அலகாகக் கொண்டதனால் அழிந்தது.

கொழுந்து நிறுவையில் அத்தகைய பிழை நேர்ந்தால், நாளெல்லாம் மலையில் நின்று கொழுந்து கொய்த பெண்ணின் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். ஆதலின், குறிப்பெழுதுவோர் முதலில் தராசடிக்குச் செல்லல் வேண்டும். கணக்கப்பிள்ளை மனத்தில் வைத்திருப்பவற்றைக் கேட்டு, ஒன்றுவிடாமல் எழுதிவைத்தல் வேண்டும்.