மீண்டும் வினவலாமா?

வினா ஆறு வகைப்படும் என்பது நன்னூலார் கொள்கை. ஆசிரியன் தான் அறிந்த ஒன்றையே மாணாக்கனிடம் கேட்பது அறிவினா. மாணாக்கன் தான் அறியாததை ஆசிரியனிடம் கேட்பது அறியாவினா. ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன ஏனைய நான்கு. உயர்தர வகுப்பிலே இப்பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, சர்வசன வாக்கெடுப்பில் மக்களிடம் கேட்கிறார்களே, அது இந்த ஆறில் எந்த வினா?" என்றாள். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியதைப் பற்றியும், அங்கே மறுபடியும் மக்களைக் கேட்க வேண்டும் என்று ஒரு சாரார் வற்புறுத்தியதைப் பற்றியும் அவள் எங்கோ படித்திருக்கிறாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று கூறி வகுப்பை முடித்தேன். அந்த நாளை வந்து பல வாரங்கள் ஆகிவிட்டன.

நம் நாட்டில் இத்தகைய வாக்கெடுப்பு இதுவரை ஒரே ஒருமுறைதான் நடந்திருக்கிறது. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத்தேர்தல் இன்றியே மேலும் ஆறு ஆண்டு நீட்டலாமா என்று 1982 டிசெம்பர் 22ஆம் நாள் கேட்டார்கள். ஆம் என்பார்க்கு விளக்குச் சின்னம். இல்லை என்பார்க்குக் குடச் சின்னம். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாகக் குடத்துக்கு வாக்களித்தது. ஆயினும் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 54.66 பங்கு பெற்று விளக்கே வென்றது. உத்தரமேரூர்க் கல்வெட்டுச் சொல்லும் குடவோலையைப் படித்த நமக்கு, குடம் தோற்றது சற்றே வருத்தந்தான். தம்பியைப் பார்த்து "பாடம் படித்தாயா?" என்று அண்ணன் கேட்டால் அது கேள்வியன்று, படி என்னும் கட்டளை. 1982ஆம் ஆண்டுக் கேள்வியை ஏவல்வினாவின்பாற் படுத்துவதில் எனக்குத் தயக்கமில்லை.

அன்று எனக்கு வயது பதினைந்து. ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் எங்கள் காம்பராவில் வாக்களிக்க ஒருவருமில்லை. என் தந்தையார் இந்த நமுனுகுல மலைச்சரிவிலே பிறந்தவர். ஆயினும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவரை எந்த நாட்டினரும் அல்லாதவராக ஆக்கிவிட்டிருந்தது. நாடே கேட்கப்பட்ட நாளில் அவர் வழக்கம்போல் பிரட்டுக்களத்துக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறினார். வினா எவ்வகையினது என்று ஆராயுமுன், அது யாரை நோக்கியது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றே வந்துவிட்டது போலும்.

இனி, நடவாத வாக்கெடுப்புக்கு வருகிறேன். 1987 யூலை 29இல் ஜே. ஆர். ஜயவர்தனாவும் ராஜீவ் காந்தியும் கைச்சாத்திட்ட இலங்கை இந்திய ஒப்பந்தம், வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக ஒரு மாகாண சபையின் கீழ் இணைத்தது. கிழக்கு வடக்கோடு இணைந்தே இருப்பதா, தனித்து நிற்பதா என்பதை 1988 டிசெம்பர் 31ஆம் நாளுக்கு முன் கிழக்கு மக்களே வாக்களித்துத் தீர்மானிப்பர் என்றும் அது கூறிற்று. தனிநாட்டுப் பிரிவினை பற்றிய கேள்வி அன்று இது; அதனை ஆதரித்துப் பேசுதலையே 1983இல் வந்த ஆறாந் திருத்தம் தடைசெய்துவிட்டது. ஒரே நாட்டினுள் இரு மாகாணங்கள் கூடி வாழ்வதா என்பதே கேள்வி. வன்செயலாலும் பிற காரணங்களாலும் இடம்பெயர்ந்தவர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று ஒரு விதி அதிலே இருந்தது. ஒப்பந்தத்தின் ஏனைய பகுதிகளை எப்படி மதிப்பிட்டாலும், இந்த ஒரு விதியை எழுதிய கையை நான் வணங்குவேன்.

ஆனால் வாக்கெடுப்பை ஒத்திவைக்கும் அதிகாரம் சனாதிபதிக்கு இருந்தது. 1988 செப்ரெம்பரில் பிரகடனம் மூலம் மாகாணங்கள் இணைந்தன. நொவெம்பரில் மாகாண சபைத் தேர்தலும் நடந்தது. வாக்கெடுப்போ ஆண்டுதோறும் தள்ளிப்போயிற்று. சனாதிபதிகள் மாறினர், ஒத்திவைப்பு மாறவில்லை. ஈற்றில் 2006 ஒக்டோபர் 16இல், ஆயுதக் கையளிப்புப் பற்றிய சட்ட நிபந்தனை நிறைவேறாத நிலையில் செய்யப்பட்ட அந்த இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 தொடக்கம் கிழக்கு தனி மாகாணம். இணைத்தபோதும் கிழக்கு மக்களைக் கேட்கவில்லை, பிரித்தபோதும் கேட்கவில்லை. நம் நாட்டின் இரண்டாவது சர்வசன வாக்கெடுப்பாக இருந்திருக்க வேண்டியது வெறுந் தேதிகளாக வர்த்தமானியிலேயே கிடந்து மடிந்தது.

கேட்டதையே மறுபடி கேட்பது மக்களை அவமதிப்பதாகும் என்பார் பலர். அதில் உண்மை இல்லாமலில்லை. அயர்லாந்து மக்கள் நீஸ் உடன்படிக்கையை 2001இல் மறுத்தனர். மறு ஆண்டே மறுபடி கேட்டு ஆம் பெற்றனர். லிஸ்பன் உடன்படிக்கைக்கும் 2008, 2009ஆம் ஆண்டுகளில் அதே கதை. எதிர்பார்த்த விடை வரும்வரை மாணவனை வாங்கின் மேல் நிறுத்திவைக்கும் ஆசிரியனின் அறிவினாவாக இது ஆகிவிடக் கூடும். கியூபெக்கின் கதை வேறு. 1980இல் பிரிவினை வேண்டா என்றோர் ஏறத்தாழ அறுபது பங்கினர். பதினைந்து ஆண்டு கழித்து 1995இல் மறுபடி கேட்டபோது 50.58 பங்கினரே வேண்டா என்றனர். இடையில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பிரித்தானியாவின் 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்புங்கூட உண்மையில் இரண்டாவதே. 1975இல் இருப்போம் என்று மூன்றில் இரு பங்கினர் சொன்னதை, நாற்பத்தோராண்டுக்குப் பின் 51.9 பங்கினர் மாற்றினர். மறுமுறை கேட்பது முறையன்று என்று பின்னர் வாதிட்டோர், தாம் வென்றதே ஒரு மறுமுறையில் என்பதை மறந்துவிட்டனர்.

இவ்விடத்தில் என் தாய்மாமனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்று விட்டது. தேயிலைப் பெட்டிகளைக்கூட இன்னுஞ் சற்று விசாரித்துத்தான் பங்கிடுவார்கள். மாமன் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். பயமும் பசியும் கூடி அந்த விண்ணப்பத்தை நிரப்பின என்பதே என் கருத்து. கடவுச்சீட்டு வந்து சேர்ந்தது. பயணத்துக்கு நாள் வருமுன், 1984இல், தலைமன்னார் இராமேசுவரம் கப்பற் சேவை நின்றது. கடவுச்சீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்க, மாமன் அதே மலையில் கவ்வாத்து வெட்டினார், மகளைக் கட்டிக்கொடுத்தார், மனைவியை அடக்கம் செய்தார்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, அவர் போன்றோர் இலங்கைக் குடிமக்களாக விரும்புவதாய்ப் பிரகடனம் செய்யலாம் என்றாயிற்று. நான்தான் படிவத்தை வாசித்துக் காட்டினேன். "முந்தி ஒருக்கா வேற மாதிரிச் சொல்லிப்புட்டேனே, வாத்தியாரே, இப்ப மாத்திச் சொன்னா குத்தமில்லையா?" என்று கேட்டார். மருமகனை அவர் வாத்தியாரே என்று விளிப்பது முக்கியமான வேளைகளில் மட்டுமே. குற்றமில்லை மாமா என்றேன். பெருவிரலைப் பதித்தார். முந்திய விடை பொய்யன்று. அது அந்த நாளின் மெய். மறுமுறை கேட்டது அவரை அவமதிக்கவுமில்லை.

அப்படியானால் கிழக்கு மக்களை இன்று கேட்கலாமா? இரண்டு அல்லது மூன்று அடுத்தடுத்த மாகாணங்கள் ஒரே நிர்வாக அலகாவதற்குப் பாராளுமன்றம் சட்டம் செய்யலாம் என்னும் ஏற்பாடு அரசியலமைப்பில் இன்றும் உண்டு. ஆதலின் கேள்வி சட்டப்படி இறந்துவிடவில்லை. கேட்கவேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் 1987இல் எழுதிய வண்ணமே அன்று. நன்னூலார் விடையை எட்டாக வகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றுமே நேரான விடைகள். ஏனைய ஐந்தும் சுற்றி வருவன. வாக்குச்சீட்டோ நேர், மறை என்னும் இரண்டுக்கே இடமளிக்கிறது. திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மூன்றும் சேர்ந்த கிழக்கிலே, 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்னும் மூவரில் எவருமே பாதியைத் தொடவில்லை. இணைப்பை மறுக்கும் முஸ்லிமும் சிங்களவரும் ஒரே காரணத்துக்காக மறுப்பதில்லை. விரும்பும் தமிழரும் ஒரே காரணத்துக்காக விரும்புவதில்லை. தமிழ் அரசியலார் முதலில் முஸ்லிம் மக்களோடு இருந்து பேசி, இணைந்தால் அவர்களுக்கு உரிய பாதுகாப்பு இன்னதென எழுதி, அந்த எழுத்தையே வாக்குக்கு விடவேண்டும். இடம்பெயர்ந்தோருக்கான பழைய விதியையும் விட்டுவிடலாகாது. 1977, 1983ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் நம் மலைநாட்டிலிருந்து போய்க் கிழக்கிலே குடியேறிய குடும்பங்களை, நீங்கள் எவ்வூரார் என்று அன்றைக்கு எவரும் கேட்டுவிடவும் கூடாது.

பேராதனையிலிருந்து பதுளை வழியாகச் செங்கலடி செல்லும் பெருந்தெருவை மட்டக்களப்பார் பதுளை வீதி என்பர். அவ்வீதியின் மறுமுனைக்கு அண்மையில், ஏறாவூரில், என்னோடு பயிற்சி பெற்ற முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார்; இலக்கணத்தில் என்னிலும் வல்லவர். மாணவியின் கேள்வியை அவரிடம் தொலைபேசியில் சொல்லி, "இணைப்பா, தனியா என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

"மழைக்காலத்தில் ஆற்றைக் கடந்து வருவாயா என்று கேட்டால், சளி பிடிக்கும் என்பானே ஒருவன், அது எந்த விடை, பண்டிதரே?" என்றார்.

"உறுவது கூறல்."

"அதற்கு ஒரு பெட்டி வைக்கச் சொல்லுங்கள்" என்று கூறிச் சிரித்துவிட்டு, மகரிபுத் தொழுகைக்கு நேரமாகிறது என்று விடைபெற்றார்.