நோயாளிகளின் ஊரில் வளர்ந்த இசைக்குழு

மருத்துவமனையில் பொழுது மெல்லவே நகரும் என்பதை இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் பலரும் அறிவீர்கள். மருந்து வேளைக்கும் பரிசோதனை வேளைக்கும் இடையே எஞ்சும் நேரத்தில், வெளியுலகம் தம்மை மறந்துவிட்டதோ என்ற எண்ணம் நோயுற்றவருக்கு வருவதுண்டு. அருகில் அமர்ந்திருக்கும் உறவினருக்கும் அவ்வெண்ணம் வருவதுண்டு. ஓர் ஊர் தன் நோயாளிகளை மறவாதிருக்க இயலுமா? இங்கிலாந்தின் தென்கரையைச் சேர்ந்த ஓர் இசைக்குழுவின் வரலாறு இக்கேள்விக்கு நம்பிக்கையூட்டும் விடை தருகிறது.

கடற்காற்றைத் தேடி வந்தவர்கள்

போர்ன்மவுத் என்னும் கடற்கரை நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நலம் நாடுவோரின் ஊராக வளர்ந்தது. காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலம் அது. பைன் மரங்களின் மணமும் கடற்காற்றும் நுரையீரலுக்கு நல்லவை என்று மருத்துவர்கள் நம்பினார்கள். 1855இல் அங்கே மார்புநோய் உற்றவர்களுக்கென ஒரு மருத்துவ இல்லம் திறக்கப்பட்டது. 'புதையல் தீவு' கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தம் உடல்நிலை கருதி 1884 முதல் 1887 வரை அந்நகரில் வாழ்ந்தார்.

ஓய்வெடுக்க வந்தவர்களுக்கு நல்ல காற்றைப் போலவே நல்ல பொழுதும் தேவைப்பட்டது. 1893இல் நகராட்சியின் விருப்பத்திற்கிணங்க, டான் காட்ஃப்ரி என்ற இளைஞர் 30 கலைஞர்களைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தார். 'வின்டர் கார்டன்ஸ்' என்னும் கண்ணாடி மாளிகை அக்குழுவின் அரங்காயிற்று. 1934 வரை அவரே அதனை வழிநடத்தினார். இசைக்கு ஆற்றிய தொண்டுக்காக 1922இல் அவருக்கு 'சர்' பட்டம் வழங்கப்பட்டது.

அரங்கம் ஊரைத் தேடிச் சென்றது

இத்தகைய குழுவை நடத்துவது எளிதன்று. கலைஞர்களுக்கு ஆண்டு முழுவதும் ஊதியம் தரவேண்டும். நுழைவுக்கட்டணம் மட்டுமே அதற்குப் போதாது. 1954இல் பணநெருக்கடி முற்றியபோது, குழுவின் பொறுப்பு நகராட்சியிடமிருந்து ஒரு சங்கத்தின் கைக்கு மாறியது. 'போர்ன்மவுத் சிம்பொனி இசைக்குழு' என்ற இன்றைய பெயரும் அப்போது வந்ததே. 1979இல் அது அருகிலுள்ள பூல் நகருக்கு இடம்பெயர்ந்தது.

இன்று அது ஒரே ஊரின் குழுவாக இல்லை. எக்ஸிடர், போர்ட்ஸ்மவுத் எனப் பல நகரங்களுக்குக் கருவிகளோடு பயணம் செய்கிறது. பெருநகர இசைக்குழுவைக் கேட்க விரும்புவோர் பெரும்பாலும் அதன் அரங்கத்தைத் தேடிச் செல்ல வேண்டும். வட்டாரக் குழுவோ கேட்பவரின் ஊருக்கே வந்துசேர்கிறது. 2020இல் கொரோனாத் தொற்று அரங்குகளை மூடச் செய்தபோதும் அக்குழு தன் வழக்கத்தை விடவில்லை. கலைஞர்கள் இடைவெளி விட்டு அமர்ந்து வாசிக்க, பூல் நகர அரங்கிலிருந்து நிகழ்ச்சிகள் இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பாயின. வீட்டை விட்டு வெளிவர இயலாத நோயாளிகளுக்கு இதனால் விளைந்த பயனைச் சொல்ல வேண்டியதில்லை.

படுக்கையருகே இசை

முழு இசைக்குழு ஒரு மருத்துவமனைக் கூடத்துக்குள் அடங்காது. ஆகவே ஓரிரு கலைஞர்கள் மட்டும் வயலினோ குழலோ எடுத்துக்கொண்டு முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்குச் செல்கிறார்கள். அங்கே மறதிநோய் உற்றவர்களுடன் அமர்ந்து வாசிக்கிறார்கள். கேட்பவரின் முகத்தைப் பார்த்து, அவர் விரலால் தட்டும் தாளத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றிக்கொள்கிறார்கள். பேச்சும் பெயர்களும் நினைவை விட்டு அகன்ற பின்பும், இளமையில் பழகிய பாட்டு பலரிடம் நெடுங்காலம் தங்கியிருக்கிறது. பிள்ளையின் பெயரை நினைவுகூர இயலாத ஒருவர் ஒரு பழைய பாடலை அடிபிறழாமல் முணுமுணுக்கக்கூடும். பக்கத்தில் இருக்கும் பராமரிப்பாளருக்கு அந்தச் சில நிமிடங்கள் பெரும் ஆறுதல். கடமையை இறக்கி வைத்துவிட்டு, மீண்டும் மகளாகவோ கணவராகவோ அமர்ந்திருக்கும் வாய்ப்பு.

2018இல் இக்குழு இன்னோர் அடியையும் எடுத்து வைத்தது. உடற்குறையுள்ள கலைஞர்களைக் கொண்டு 'ரீசவுண்ட்' என்ற சிறு குழுவை உருவாக்கியது. அதனை நடத்தும் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் ரோஸ் பெருமூளை வாதத்தோடு வாழ்பவர். கைகளால் கோலைச் சுழற்றுவதற்குப் பதிலாக, மூக்குக் கண்ணாடியில் பொருத்திய கோலைத் தலையசைவால் இயக்கி அவர் இசையை நடத்துகிறார். அதே ஆண்டு கோடையில், லண்டனில் பிபிசி நடத்தும் புகழ்பெற்ற 'ப்ராம்ஸ்' இசைவிழாவில் அக்குழு வாசித்தது. அன்றைய நிகழ்ச்சியில் கேட்போர் நடமாடலாம், குரல் எழுப்பலாம், இடையில் வெளியே சென்று திரும்பலாம். அசையாமல் அமர இயலாதவர்களுக்கும் இசையரங்கில் இடமுண்டு என்பதை அவ்வேற்பாடு உணர்த்தியது. நோயாளியைக் கேட்பவராக மட்டுமன்றி, இசைப்பவராகவும் ஒரு சமூகம் ஏற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு ரீசவுண்ட் சான்றாக நிற்கிறது.

நாம் செய்யக்கூடியது

இசை நோயைத் தீர்க்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. அது மருந்துக்கும் சிகிச்சைக்கும் மாற்றாகாது. ஆனால் அச்சத்தைத் தணிக்கவும், காத்திருப்பின் சுமையைக் குறைக்கவும் அது துணைபுரியும். இதற்குப் பெரிய இசைக்குழு வேண்டியதில்லை. கைப்பேசி ஒன்றே போதும்.

நோயாளி தம் பதினைந்து, இருபது வயதில் கேட்டு மகிழ்ந்த பாடல்கள் எவை என்று கேட்டறியுங்கள். அவரால் சொல்ல இயலாவிட்டால், உடன்பிறந்தவர்களையோ பழைய நண்பர்களையோ கேளுங்கள். பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் உறங்கக்கூடும்; ஆகவே ஒலியைக் குறைத்தோ காதணி ஒலிப்பானிலோ கேட்கச் செய்யுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவராயின் முதலில் செவிலியரிடம் அனுமதி பெறுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பாடல்களே போதுமானவை. கண்ணீர் வந்தால் உடனே நிறுத்தவேண்டும் என்பதில்லை. முகம் வாடுகிறதா, அமைதி அடைகிறதா என்று பாருங்கள். அமைதியின்மை கூடினால் நிறுத்திவிட்டுப் பிறகு வேறொரு பாடலை முயன்று பாருங்கள்.

முடிந்தால் நீங்களே மெல்லிய குரலில் பாடுங்கள். சுருதி சேரவில்லையே என்று தயங்க வேண்டாம். படுத்திருப்பவருக்கு வேண்டியது பழகிய குரல். அது உங்களிடம் இருக்கிறது.