இரு மாநிலங்களுக்கு இடையே சிக்கும் கல்வி உதவித்தொகை

புதுதில்லி: பிளஸ் 2 முடித்துக் கல்லூரியில் சேரவிருக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் பெரும் ஆதரவு. ஆனால், மாநில எல்லையைக் கடந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அந்த உதவியை எந்த மாநிலம் வழங்க வேண்டும் என்ற கேள்வியே தடையாகி விடுகிறது.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம், நெடுமங்காடு தாலுகாவில் உள்ள பொன்முடி மலைப்பகுதி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்லும் சுற்றுலாப் பயணிகளுக்கு அது கோடை வாசஸ்தலம். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களிலோ, தமிழகத்திலிருந்து சென்ற குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்து வந்துள்ளன.

1950-ல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் பொன்முடியும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலத்தில் இருந்தன. நாகர்கோவிலிலிருந்து தோட்ட வேலைக்குச் சென்றவர் அன்று மாநில எல்லையைக் கடந்தவரல்லர். 1956 நவம்பர் 1-ல் நடைபெற்ற மாநில மறுசீரமைப்புதான் இடையில் எல்லைக் கோட்டை வரைந்தது.

ஆகஸ்ட் 10 என்னும் வரம்பு: தாழ்த்தப்பட்டோர் பட்டியலை மாநில வாரியாக அறிவிக்கும் குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ல் வெளியானது. அன்றைய தேதியில் குடும்பம் நிரந்தரமாக வசித்த மாநிலமே சாதிச் சான்றிதழுக்கு அடிப்படை. அதன் பிறகு திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவரின் பேரன் கேரளத்திலேயே பிறந்து, மலையாளத்தில் பயின்றிருந்தாலும், அந்த மாநிலத்தின் பட்டியலில் உரிமை கோர இயலாது.

ஆந்திரத்தில் பழங்குடியினராக அங்கீகரிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் மும்பை மருத்துவக் கல்லூரியில் இடம் கோரிய மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில், 1990-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. 2018-ல் பீர் சிங் வழக்கிலும் இந்நிலைப்பாடு மாறவில்லை.

புலம்பெயர்ந்தவர் தனது தகுதியை இழப்பதில்லை என்றும், சலுகைகளைப் பூர்விக மாநிலத்தில் மட்டுமே பெறலாம் என்றும் 1985-ல் மத்திய அரசு விளக்கமளித்தது. தந்தையின் பூர்விக மாநிலச் சான்றிதழைக் காட்டினால், வசிக்கும் மாநில அதிகாரிகளே பிள்ளைக்குச் சான்றிதழ் வழங்கலாம் என 1982-ம் ஆண்டு உத்தரவு வழிசெய்கிறது. தந்தையிடமே சான்றிதழ் இல்லாத தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்த வழியும் அடைபடுகிறது.

யார் வழங்குவது?: சான்றிதழ் கிடைத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. மாணவர் எந்த மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருக்கிறாரோ, அந்த மாநிலமே உதவித்தொகை வழங்க வேண்டும் என்கின்றன திட்ட விதிகள். குடியிருப்பு கேரளத்தில், பட்டியல் தகுதி தமிழகத்தில். இரண்டுக்கும் இடையே மாணவரின் விண்ணப்பம் நிற்கிறது.

பொன்முடி செல்லும் வழியில், வலியமலையில் 2007-ல் தொடங்கப்பட்ட இந்திய விண்வெளி அறிவியல், தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் உள்ளது. மத்திய நிறுவனம் என்பதால், தமிழகச் சான்றிதழைக் கொண்டு அங்கு இட ஒதுக்கீடு கோரலாம். அருகிலுள்ள கேரள அரசுக் கல்லூரியில் சேர விரும்பினால் அதே சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்கு உதவாது.

தீர்வு என்ன?: ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்கு மிகாத குடும்பங்களுக்கான இந்த உதவித்தொகைத் திட்டத்துக்கு, 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ரூ.59,048 கோடியை அனுமதித்தது. அதில் மத்திய அரசின் பங்கு ரூ.35,534 கோடி, எஞ்சியது மாநிலங்களின் பொறுப்பு. தனது பட்டியலில் இல்லாத மாணவருக்காக ஒரு மாநிலமும், தன்னிடம் வசிக்காத மாணவருக்காக மற்றொரு மாநிலமும் நிதி ஒதுக்கத் தயங்குவது இயல்பே.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்குச் சாதிச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் அது கடன். திருப்பிச் செலுத்த வேண்டியது.

பட்டியலைத் திருத்தும் அதிகாரம் அரசியல் சாசனத்தின் 341-வது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கே உண்டு. அது நீண்ட நடைமுறை. ஆனால், புலம்பெயர்ந்த குடும்பத்து மாணவருக்கான மாநிலப் பங்கை யார் ஏற்பது எனத் தெளிவுபடுத்த, திட்ட விதியில் ஒரு திருத்தமே போதும். முன்னணிக் கல்வி நிறுவனங்களில் பயிலும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான தனித் திட்டத்தில் மத்திய அமைச்சகமே முழுச் செலவையும் ஏற்கும் முன்னுதாரணமும் உள்ளது. இதனை அவையில் வலியுறுத்தும் பொறுப்பு தமிழகம், கேரளம் ஆகிய இரு மாநில எம்.பி.க்களுக்கும் உண்டு.