விரல் நீளக் கணினிக்குள் கடவுச்சொற்கள்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் சின்னத் தறிக்கூடம்தான் என்றாலும், அங்கே கணக்கெழுதுபவருக்கு ஜிஎஸ்டி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., இ-வே பில், வங்கி என்று ஐந்து கடவுச்சொல்லாவது தேவைப்படும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்காரருக்கு உணவுப் பாதுகாப்பு உரிமத் தளமும் கூடுதல். அத்தனைக்கும் 'ஆண்டாள்@123' என்ற ரகத்தில் ஒரே சொல்லைப் போட்டுவைப்பவர்கள் உண்டு. ஒரு தளத்தில் அது கசிந்தால் மற்ற கதவுகளும் திறந்துகொள்ளும். அதற்கு டயரியில் எழுதிவைப்பதே மேல் என்பேன். டயரியைத் திருட ஆள் நேரில் வந்தாக வேண்டுமே!

அந்த டயரிக்கு ஒரு பூட்டும் இருந்தால்? இத்தாலியின் இன்வர்ஸ் பாத் நிறுவனம் 2014-இல் அறிவித்த யூஎஸ்பி ஆர்மரி அப்படிப்பட்டது. பென் டிரைவ் அளவுதான். உள்ளே முழு லினக்ஸ் கணினி. மறு ஆண்டே 5 டாலர் விலையில் வந்த ராஸ்பெர்ரி பை சீரோவிலும் இதைச் செய்துகொள்ளலாம். 65 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், 512 எம்பி நினைவகம். வைஃபை இல்லாத பழைய வகையே இந்த வேலைக்கு நல்லது. காற்று வழியாக யாரும் உள்ளே வர முடியாது.

மெமரி கார்டில் சீரோவின் இயங்குதளத்தை எழுதி, இரண்டு அமைப்புக் கோப்புகளில் சிறு திருத்தம் செய்தால், சீரோவை யூஎஸ்பியில் செருகியதும் மேசைக் கணினி அதை நெட்வொர்க் கார்டு என்று எடுத்துக்கொள்ளும். மின்சாரமும் தகவலும் ஒரே கேபிளில். பலகையில் ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருக்கும். ஓரத்தில் இருப்பது மின்சாரத்துக்கு மட்டும். நாம் செருக வேண்டியது உள்பக்கத் துளையில். கேபிளும் தகவல் கடத்துவதாக இருக்க வேண்டும். வெறும் சார்ஜர் கேபிள் உதவாது.

பிறகு மேசைக் கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகச் சீரோவுக்குள் நுழைந்து கீபாஸ்எக்ஸ்சி மென்பொருளை ஏற்றலாம். அது எல்லாக் கடவுச்சொற்களையும் குறியாக்கம் செய்து ஒரே பெட்டகக் கோப்பில் வைக்கும். திறக்க ஒரு தாய்ச்சொல். யாராவது ஊகித்துப் பார்த்தால் ஒவ்வொரு முயற்சியும் மெதுவாகும்படி வேண்டுமென்றே கணக்கு போடும். அதற்காகத் தாய்ச்சொல்லைப் பலவீனமாக வைக்கக் கூடாது. பகடை உருட்டி அகராதியிலிருந்து ஆறு சொற்கள் பொறுக்குவது நல்ல முறை. நாய்க்கு வைத்த பெயர் வேண்டாம். ராஜபாளையத்தில் அதைத் தெருவே அறியும்.

இதில் என்ன லாபம்? பல பேர் கைபடும் அலுவலகக் கணினியில் பெட்டகக் கோப்பு தங்காது. கேட்ட கடவுச்சொல் மட்டும் வெளியே வரும். வேலை முடிந்ததும் இந்தக் குட்டிக் கணினியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் தாய்ச்சொல்லைத் தட்டுவது அந்த மேசைக் கணினியின் விசைப்பலகையில்தான். அதில் விசை உளவு நிரல் இருந்தால் தாய்ச்சொல் போய்விடும்; திறந்திருக்கும் பெட்டகத்தையும் நகலெடுத்துவிடலாம். எனவே பிரவுசிங் சென்டரில் இதைச் செருகவே கூடாது.

மெமரி கார்டு சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகிற சாமான். பெட்டகக் கோப்பின் நகல் இன்னொரு கார்டில், வேறு வீட்டில் இருக்கட்டும். அதற்கு ஏற்பாடு செய்யாமல் டயரியைக் கிழித்துப் போடாதீர்கள்.