ஒரே சுவருக்கு இரு பக்கம்

படவேடு, ஆரணி வட்டாரக் கிராமங்களில் 'ஊர்', 'காலனி' என்று இரண்டாகச் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். ஊராட்சி என்னவோ ஒன்றுதான். தெருவிளக்கும் சிமென்ட் சாலையும் முதலில் எந்தப் பக்கம் வரும் என்பதில்தான் சிக்கல்.

இதை மாற்றிக் காட்டிய ஊராட்சி ஒன்று உண்டு. திருவள்ளூர் மாவட்டம், குத்தம்பாக்கம். அவ்வூரைச் சேர்ந்த தலித் பொறியாளர் இளங்கோ, அறிவியல் ஆய்வு நிறுவன வேலையை விட்டுவிட்டு, 1996இல் ஊராட்சித் தலைவரானார். அங்கு அமைந்த சமத்துவபுரத்தில் 50 இரட்டை வீடுகள் எழுந்தன. ஒரே சுவரின் ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் பிற சாதிக் குடும்பம். அழுத்திய மண் கற்களை ஊர் மக்களே செய்ததால் கூலி ஊருக்குள்ளேயே தங்கியது.

கிரானைட் கழிவுக் கற்களைக் கொண்டு வடிகால் கட்டியதை விதிமீறல் என்று கூறி இளங்கோவைப் பதவிநீக்கம் செய்தபோது, கிராம சபை அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது. 2001இல் மீண்டும் வென்றார்.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தனித்தொகுதித் தேர்தல் முறையாக நடக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்காலி கிடைத்தால் மட்டும் போதாது, அதைத் தாங்க மக்கள் வேண்டும் என்பதே இதன் பாடம்.

அந்த மக்கள் கூடும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள யாரும் பேசலாம். கோயில் போன்ற மதச்சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது. ஒரே இடத்தில் நடத்தாமல் குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பது அரசு அறிவுறுத்தல். அதாவது, காலனியிலும் சபை கூடலாம். நம் காலனியில் கடைசியாக எப்போது கூடியது?

சுடுகாட்டுப் பாதையோ குடிநீர்க் குழாயோ, கோரிக்கையை எழுதி எடுத்துச் செல்வோம். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவோம். படிக்கும் பிள்ளைகள் பெரியவர்களுக்கு அதை வாசித்துக் காட்டட்டும். நம் ஊரை நாமே ஆள்வது அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.